நீட் இல்லாமலும் அம்மணி இந்தக் கேள்வியைத் தொடரலாம்

கோபியிலிருந்து வந்துபோன அண்ணாவுக்கு வணக்கம்.

அம்மணிக்கு நீட் மதிப்பெண் போதவில்லை என்று நீங்கள் கலங்கியதைவிட, அம்மணி நோட்டில் எழுதி வந்த கேள்விதான் என் மனதில் நிற்கிறது. 'பெரியப்பா மகனுக்குக் கூடப்பிறந்த தம்பியின் எலும்பு மஜ்ஜையைத்தான் கொடுத்தார்கள். எச்.எல்.ஏ. என்னும் அடையாளப் புரதங்கள் முழுதும் பொருந்தின. பிறகு ஏன் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது?'

மஜ்ஜையோடு தம்பியின் டி செல்களும், அதாவது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களும், வந்துவிடுகின்றன. அண்ணன் உடம்பின் தோல், குடல், கல்லீரல் எல்லாம் அவற்றுக்கு அந்நியம். எச்.எல்.ஏ. ஒத்துப்போனாலும் மற்றப் புரதங்களில் உள்ள சிறு வேறுபாடே தாக்குதலுக்குப் போதும். அந்தச் செல்களை நீக்கிவிட்டுக் கொடுக்கலாமே என்றீர்கள், நியாயம்தான். 1980-களில் அதையும் செய்து பார்த்தார்கள். தாக்குதல் குறைந்தது, ஆனால் ரத்தப் புற்றுநோய்க்காக மஜ்ஜை பெற்றவர்களில் பலருக்கு அந்நோய் திரும்பியது. மிச்சமிருக்கும் புற்றுச் செல்களை அழிப்பவையும் இதே டி செல்கள்தாம். மஞ்சள் காட்டில் களையெடுக்க வந்த ஆள் பயிரையும் பிடுங்குகிறார். ஆளே வேண்டாம் என்றால் களை மூடிவிடுகிறது. இந்த முடிச்சை அவிழ்க்க இன்றும் உலகெங்கும் உழைக்கிறார்கள். நோய் எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடம்பைத் தாக்காமல் அடக்கிவைக்கும் டி செல்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் 2025-இல் ஜப்பானிய அறிஞர் சகாகுச்சி உள்ளிட்ட மூவருக்கு மருத்துவ நோபல் கிடைத்தது.

இதைப் படிக்க எம்.பி.பி.எஸ். ஒன்றுதான் வழி என்பதில்லை. கோவையிலேயே பி.எஸ்சி. நுண்ணுயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம் சேரலாம். கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருவிமேல் உறை மூடித் தூசி படிந்திருந்தால் அங்கே சேர்க்க வேண்டாம். பிறகு எம்.எஸ்சி.யில் சேர ஜாம், கேட்-பி என்னும் நுழைவுத் தேர்வுகள். அடுத்து சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்ச்சி பெற்றால், முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போதே தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். வேலூர் சி.எம்.சி. வளாகத்திலேயே ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆராய்ச்சி வேண்டாம் என்றாலும், மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளின் ஆய்வகங்களில் எச்.எல்.ஏ. பொருத்தம் பார்க்கவும், சாயமேற்றிய செல்களை லேசர் முன் ஒவ்வொன்றாக ஓடவிட்டு எண்ணவும் படித்த ஆட்கள் தேவை.

மறைக்காமல் சொல்கிறேன், முனைவர் பட்டம்வரை போனால் பத்து ஆண்டு ஆகும். அதற்கிடையில் சொந்தக்காரர்கள் கல்யாணப் பேச்சோடு வருவார்கள். அம்மணிக்காக நீங்கள்தான் வாசலிலேயே பதில் சொல்லி அனுப்ப வேண்டும்.

அடுத்த வாரம் இருவரும் வாருங்கள். அந்த நோட்டும் வரட்டும். கடைசிப் பக்கத்தில் இன்னும் இரண்டு கேள்விகள் இருந்ததைப் பார்த்தேன்.