அப்பாவின் முட்டிக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது, நியூ ஜெர்சியில் எங்களோடு இருக்கிறார். வலது முட்டியை மாற்ற வேண்டும். சென்சார் வைத்த 'ஸ்மார்ட்' மூட்டு வைக்கலாம் என்கிறார் டாக்டர். தினமும் எவ்வளவு நடந்தார் என்று ஆபீஸிலிருந்தே நான் போனில் பார்த்துக்கொள்ளலாமே என்று எனக்கு ஆசை. அப்பாவோ "என் காலுக்குள்ள சிஐடியா?" என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: புரியவைப்பது இருக்கட்டும். "நான் போனில் பார்த்துக்கொள்ளலாமே" என்று எழுதியிருக்கிறீர்களே, அப்பா மிரண்டது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

டாக்டர் சொன்னது அநேகமாக பெர்சோனா ஐக்யூவாக இருக்கும், 2021 ஆகஸ்டில் எஃப்டிஏ (மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) அனுமதித்தது. கீழ்க்கால் எலும்புக்குள் இறங்கும் தண்டில் சென்சாரும் பேட்டரியும் இருக்கும். எத்தனை காலடி நடந்தார், என்ன வேகம், ஒவ்வொரு எட்டும் எவ்வளவு நீளம், முட்டி எவ்வளவு மடங்குகிறது எல்லாம் பதிவாகி, ராத்திரி வீட்டில் வைத்திருக்கும் ஒரு பெட்டி வழியாக இணையத்துக்குப் போகும். பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போனாரா, டோனட் கடைக்குப் போனாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, இதை அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள் (சர்க்கரை இருந்தால் ரொம்பவே நிம்மதியாவார்). வலியும் தெரியாது. மாடிப்படி இறங்கும்போது அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துப் பல்லைக் கடிப்பது எந்த கிராஃபிலும் வராது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தத் தரவு சிகிச்சை முடிவுகள் எடுப்பதற்கானது அல்ல, இதனால் நோயாளிக்கு மருத்துவப் பலன் உண்டு என்று நிரூபிக்கப்படவும் இல்லை என்று அந்த அனுமதியிலேயே எழுதியிருக்கிறது. ஆக, வேண்டாம் என்றால் அப்பா விவரம் தெரியாமல் பேசுகிறார் என்று அர்த்தமில்லை. பெயரில் பெர்சோனா என்று இருப்பதால் அவர் காலுக்கென்றே அளவெடுத்துச் செய்தது என்றும் நினைத்துவிடாதீர்கள், சி.டி. ஸ்கேன் எடுத்து ஒருவருக்கென்றே செய்யும் மூட்டு தனி ரகம், இது பல சைஸ்களில் ரெடியாக வருவது.

எனக்கு இதில் விரோதம் ஒன்றும் இல்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் தேறுகிறோமா என்று பதறுகிறவர்களுக்கு, போன வாரத்தைவிட இந்த வாரம் கூட நடந்தோம் என்று கண்ணால் பார்ப்பது தெம்புதான். உங்கள் அப்பா அந்த ரகமா என்று அவருக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை டாக்டரிடம் சேர்ந்தே போங்கள். சென்சார் இல்லாமல் இதே மூட்டு கிடைக்குமா, அந்தத் தண்டு என் எலும்புக்கு அவசியமா, தரவை யார் யார் பார்ப்பார்கள், நடுவில் நிறுத்தலாமா, இன்சூரன்ஸ் என்ன சொல்கிறது? இதையெல்லாம் அப்பாவே தமிழில் கேட்கட்டும். நீங்கள் மொழிபெயர்த்தால் போதும், உங்கள் கேள்வியை நடுவில் செருகாமல்.