எலும்புப் புரதங்களும் ஆன்டிபாடியும்: கேள்வி பதில்

கேள்வி: சுண்டெலித் தொடை எலும்பில் ஆஸ்டியோகால்சின் என்ற எலும்புப் புரதத்தைத் தேடி வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) போட்டேன். ரிப்பா பஃபரில் (செல்களைக் கரைக்கும் சோப்புக் கரைசல்) எடுத்த லைசேட் (திசுச் சாறு), 12% ஜெல், 0.45 மைக்ரான் சவ்வு. பட்டையே இல்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

பதில்: ஆன்டிபாடியைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். ஆஸ்டியோகால்சின் கனிமத்தை இறுகப் பற்றியிருக்கும். ரிப்பா கனிமத்தைக் கரைக்காது. மையவிலக்கில் சுற்றியதும் புரதம் வண்டலோடு குப்பைக்குப் போயிருக்கும். எலும்பைத் திரவ நைட்ரஜனில் பொடித்து, புரோட்டியேஸ் தடுப்பான் கலந்த 0.5 மோலார் ஈடிடிஏவில் (கால்சியத்தைப் பிடித்துக் கனிமத்தைக் கரைக்கும் பொருள்) 4 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் குலுக்குங்கள். புரத அளவைக் காட்டும் பிசிஏ சோதனையை ஈடிடிஏ குழப்பும் என்பதால் டயாலிசிஸ் செய்து (நுண்துளைப் பையில் போட்டுச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றி) அளக்க வேண்டும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: இந்தப் புரதத்தின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 6 கிலோடால்டன்தான். 10 கிலோடால்டனுக்குக் கீழானதை வெளியே விடும் பையில் போட்டால் தேடும் பொருளே வெளியேறிவிடும். 2 கிலோடால்டன் பை எடுங்கள்.

ஜெல் 16.5% டிரிஸ்-டிரைசின், சவ்வு 0.2 மைக்ரான் பிவிடிஎஃப். டிரான்ஸ்ஃபர் நேரத்தைக் குறையுங்கள். முதல் தடவை பின்னால் இன்னொரு சவ்வு வையுங்கள். பட்டை அதில் வந்தால் புரதம் ஊடுருவிப் போகிறது என்று அர்த்தம்.

கேள்வி: ஆஸ்டியோபான்டின் என்ற இன்னொரு எலும்புப் புரதம் 35 கிலோடால்டனுக்கு அருகில் வரவேண்டும், 60-இல் நிற்கிறது. தவறான பட்டையா?

பதில்: பெரும்பாலும் சரியான பட்டைதான். அமிலத்தன்மை மிக்க புரதம், மேலே பாஸ்பேட்டும் சர்க்கரையும் வேறு. ஜெல்லில் மெதுவாகத்தான் நகரும். கீழே கூடுதல் பட்டை தெரிந்தால் திராம்பின் என்ற நொதி வெட்டிய துண்டாக இருக்கலாம். நாக்அவுட் எலியின் (இந்தப் புரதத்தின் மரபணு நீக்கப்பட்டது) லைசேட்டைப் பக்கத்துத் தடத்தில் ஓட்டினால் சந்தேகம் தீரும்.

கேள்வி: ஆன்டிஜன் மீட்புக்கு (மறைந்த புரதப் பகுதிகளை ஆன்டிபாடிக்கு மீண்டும் எட்டச் செய்வதற்கு) கொதிக்கவைத்தால் செக்‌ஷன் (மெல்லிய எலும்புச் சீவல்) ஸ்லைடை விட்டுக் கழன்றுவிடுகிறது.

பதில்: எலும்பைக் கொதிக்கவைக்கவே வேண்டாம். பிஹெச் 6 சிட்ரேட்டில் 60 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். ஸ்லைடு நேர்மின்னேற்றம் கொண்டதாக இருக்கட்டும். கனிம நீக்கத்துக்கு அவசரப்பட்டு வலுவான அமிலம் ஊற்றினால் எபிடோப் (ஆன்டிபாடி பிடிக்கும் இடம்) சிதையும். 14% ஈடிடிஏ, பிஹெச் 7.4, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை புதிதாக மாற்றி இரண்டு மூன்று வாரம்: பொறுமை வேண்டும், பலன் கண்ணில் தெரியும்.

கேள்வி: நிறம் காட்ட அல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி இணைத்த செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி) போதுமா?

பதில்: வேண்டாம். எலும்பு உருவாக்கும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்களிடம் அதே நொதி சொந்தமாகவே உண்டு. பெராக்சிடேஸ் நொதி இணைத்ததை எடுங்கள், மஜ்ஜையில் இயல்பாக உள்ள பெராக்சிடேஸை 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம் வைத்து அடக்குங்கள். பிரைமரி (முதல் ஆன்டிபாடி) இல்லாத ஒரு ஸ்லைடு ஒவ்வொரு முறையும் கட்டாயம்.

கேள்வி: கொலாஜன் 1 ஆன்டிபாடி செக்‌ஷனில் பிடிக்கிறது, பிளாட்டில் பிடிக்கவில்லை.

பதில்: அது கொலாஜனின் மூன்று இழைகள் முறுக்கிய முப்புரி வடிவத்தை மட்டும் அறியும் ஆன்டிபாடியாக இருக்கலாம். எஸ்டிஎஸ் (புரத வடிவத்தைக் குலைக்கும் சோப்பு) சேர்த்துக் கொதிக்கவைத்தால் புரி அவிழ்ந்துவிடும். நேட்டிவ் நிலையிலேயே (வடிவம் குலையாமல்) டாட் பிளாட் (ஜெல் இல்லாமல் சவ்வில் நேரடியாகப் பொட்டு வைக்கும் முறை) வைத்துப் பாருங்கள்.