வீட்டுத் தோட்டம் கேள்வி – பதில்: நாஸ்டர்டியம் ஏன் பூக்கவில்லை?

கேள்வி: பூவும் இலையும் சாப்பிடக்கூடிய கொடியான நாஸ்டர்டியம் விதைத்து மூன்று மாதமாகிறது. கொடி பால்கனிக் கம்பியைத் தாண்டிவிட்டது, இலை உள்ளங்கை அகலம். ஆனால் ஒரு மொட்டுகூட இல்லை. வாரந்தோறும் கோழி எரு போடுகிறேன். இன்னும் என்ன போடலாம்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: போட்டுக்கொண்டிருப்பதை முதலில் நிறுத்துங்கள். கோழி எருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம். அது கிடைக்கும்வரை இந்தச் செடி இலையைத்தான் பெருக்கும். சத்துக் குறைந்த மண்ணில்தான் பூக்கும். ஏழெட்டு வாரத்தில் மொட்டு வந்திருக்க வேண்டும்.

எரு ஊறிய மண்ணைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம். செடியை வேரோடு பெயர்த்தாலும் தாங்காது. கொடியின் நுனியில் நான்கு அங்குலம் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். ஓரிரு வாரத்தில் கணுவில் வெள்ளை வேர் தெரியும். எட்டு அங்குலச் சட்டியில் தோட்ட மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு கலந்து நடுங்கள். உரமே வேண்டாம்.

இன்னொரு காரணம் வெயில். இது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பக்கத்துச் செடி. கேமரன் மலையில் சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தா ஊரின் குளிர் அதற்குப் பிடிக்கும். கோலாலம்பூரின் 33 டிகிரி பிற்பகலில் மொட்டு கட்டத் திணறும். கிழக்குப் பார்த்த இடத்தில், பதினொரு மணிவரை வெயில், அதன்பின் நிழல் என்று வையுங்கள். சிமெண்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சாயங்காலமும் அனல் அடிக்கும். இவ்வளவு செய்தும் கேமரன் மலையில் பூப்பதுபோல் இங்கே கொத்துக் கொத்தாகப் பூக்காது. இலைக்காக வளர்த்து, பூவைக் கூடுதல் வரவாக வைத்துக்கொள்வதே நியாயம்.

கேள்வி: இரண்டு முறை போட்டும் விதை அழுகிப்போகிறது.
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: மழைதான் காரணமாக இருக்கும். விதையை ஓர் இரவு மட்டும் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்றி மூடுங்கள், இருட்டில்தான் முளைக்கும். சட்டியைத் தாழ்வாரத்தின் கீழ் வையுங்கள். விரலால் தொட்டு, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பத்து, பன்னிரண்டு நாளில் முளைவிடும்.

கேள்வி: மொட்டைச் சுற்றிக் கறுப்பாகப் பூச்சி மொய்க்கிறது. மருந்தடித்து, பூவைக் கழுவிச் சாப்பிடலாமா?
– வாசகி, செராஸ்

பதில்: வேண்டவே வேண்டாம். வாயில் போடும் பூவுக்கு மருந்து கூடாது. நர்சரியில் பூவோடு வாங்கிய செடிக்கும் மருந்தடித்திருக்கலாம். அந்தப் பூவையும் சாப்பிடாதீர்கள்.

நீங்கள் சொல்வது அசுவினி. சோப்புத் தண்ணீரும் இந்தச் செடிக்கு ஒத்துக்கொள்ளாது, இலை கருகும். காலையில் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சுங்கள், மூன்று நாளுக்கு. பூச்சி அப்பியிருக்கும் நுனியைக் கிள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

அன்று மலர்ந்த பூவைக் காலையிலேயே பறியுங்கள். பின்னால் வால்போல் நீண்டிருக்கும் குழலில் தேன் இருக்கும். எறும்பு அங்கேதான் ஒளியும், பிரித்துப் பாருங்கள். கடுகின் காரம்தான் இதன் ருசி. கொதித்தால் அந்தக் காரம் போய்விடும். தயிர்ப் பச்சடியில் கடைசியாகத் தூவுங்கள். இளம் இலையை உலாம்போல் (மலாய்க்காரர்கள் பச்சையாகத் தின்னும் கீரை வகை) பிளாச்சான் சம்பலோடு (இறால் விழுது சேர்த்த மிளகாய்ச் சட்னி) பச்சையாகத் தின்னலாம். முதல் முறை இரண்டு மூன்று இலை போதும்.