அண்ணனுக்கு இருமல், தம்பிக்கு ஆஸ்பத்திரி

கேள்வி: எங்கள் ஊர் கானாடுகாத்தான் பக்கம். பையன்களுக்கு வயது 9, 6. இரண்டு பேருக்கும் வீசிங் உண்டு. பெரியவன் இரண்டு நாள் இருமிவிட்டுத் தேறிவிடுவான். சின்னவனை இந்த வருஷம் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றுமே சளி பிடித்த பிறகுதான். கடைசித் தடவை, படைப்புக்காக (முன்னோர்களுக்குப் பங்காளிகள் கூடிச் செய்யும் வழிபாடு) பூர்வீகப் பெரிய வீட்டைத் திறந்த சமயம். "உன் பிறந்த வீட்டு இளைப்பு இறங்கியிருக்கு" என்கிறார் மாமியார். ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரியுமா?

பதில்: மாமியார் சொன்ன வரியை மட்டும் இரண்டு தடவை அடித்து எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இளைப்பு, அதாவது ஆஸ்துமா, குடும்பத்தில் வரும், உண்மைதான். ஆனால் அதற்கென்று ஒற்றை ஜீன் கிடையாது. பல ஜீன்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிடுகின்றன. அவற்றில் பாதி உங்களிடமிருந்து வந்தது, பாதி அவன் அப்பச்சியிடமிருந்து (அப்பாவிடமிருந்து). ஒரே பானையில் இரண்டு பிள்ளைகள் கைவிட்டு ஆளுக்கு ஒரு பிடி சோழி அள்ளினால் ஒரே மாதிரியா வரும்? அண்ணன் தம்பி வித்தியாசம் அப்படித்தான்.

குழந்தைகளின் ஆஸ்துமாவோடு 17-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதிக்குத் தொடர்பு இருப்பதை 2007-இல் கண்டார்கள். உங்கள் சின்னவனைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது வேறொன்று, சிடிஎச்ஆர்3 என்கிற ஜீன். சிறு வயதிலேயே திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைகளிடம் அதன் ஒரு வடிவம் கூடுதலாக இருப்பது 2014-இல் தெரிந்தது. அடுத்த வருஷமே காரணமும் புரிந்தது. ஜலதோஷ வைரஸில் ரைனோ வைரஸ் சி என்று ஒரு வகை உண்டு. அது மூச்சுக்குழாய்ச் செல்லைப் பற்றி உள்ளே நுழைவது இந்த ஜீன் செய்யும் புரதத்தைப் பிடித்துத்தான். ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியவர்களுக்கு அந்தப் பிடி செல்லின் மேல் அதிகமாக இருக்கும். ஆக, ஒரு பிள்ளைக்கு மூக்கொழுகலோடு போகிற சளி, இன்னொரு பிள்ளைக்கு நெஞ்சுக்குள் இறங்கிவிடுகிறது.

உங்கள் மகனுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. டெஸ்ட் எடுத்து இதுதான் என்று தெரிந்தாலும் மருந்து மாறப்போவதில்லை. அந்தப் பணத்தை ஸ்பேசருக்கு, அதாவது இன்ஹேலர் பம்பில் மாட்டி மருந்தை உள்ளிழுக்க வைக்கும் குழாய்க்கு, செலவழியுங்கள்.

தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு பம்பை, நன்றாக இருக்கிறான் என்று நிறுத்தினீர்களா? பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. "பம்ப் பழகிடும்" என்பது வீண் பயம், பழகாது. உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையலாம், அவ்வளவுதான். மூச்சுக்குத் தவித்துத் தவித்து வளர்கிற பிள்ளைக்கும் வளர்ச்சி தடைப்படும். ஸ்பேசரில் கொடுங்கள், அப்புறம் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

படைப்பு சமயத்தில் நீங்கள் தூசியை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த உள் அறையைத் திறந்து, பித்தளைப் பாத்திரங்களை இழுக்கும்போது வளவு (உள் முற்றம்) வெயிலில் தூசி புகையாக எழும்புமே, அது கெடுதிதான். ஆனால் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிய இடத்தில் சளியும் கூடவே வந்திருக்கும். அடுத்த தடவை இரண்டு நாள் முன்பே ஆள் விட்டு ஈரத்துணியால் துடைத்து, மெத்தைகளை வெயிலில் போட்டு, எல்லாம் அடங்கிய பிறகு அவனை அழைத்துப் போங்கள். சாம்பிராணிப் புகைக்கு அருகே உட்கார வைக்காதீர்கள்.

விலா எலும்புக்கு நடுவே சதை உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச மூச்சு போதாவிட்டாலோ, உதடு நீலமானாலோ, அவசர பம்பைக் கொடுத்துக்கொண்டே காரைக்குடிக்குக் கிளம்பிவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

இந்தப் பதிலை மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள். தினம் ராத்திரி பம்பை ஞாபகப்படுத்துகிற வேலையை அவரிடமே கொடுங்கள். அப்பத்தா சொன்னால் பேரன் கேட்பான்.