கம்பி விழுந்த பிறகு

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 34. சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) இறுதித் தேர்வில் ஒரு குரூப்பை, அதாவது தாள்களின் ஒரு தொகுதியை, முடித்துவிட்டேன். மற்றொன்றில் மூன்று முறை தவறிவிட்டேன். மொத்த மதிப்பெண்ணில் முதல் முறை 41, அடுத்த முறை 22, கடைசியாக 9 குறைந்தது. “தூக்கத்தைக் குறைத்து இன்னும் உழை” என்கிறார் அண்ணன். “உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, படித்தது போதும்” என்கிறார் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அண்ணன் சொல்வதையும் அம்மா சொல்வதையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நீங்களே எழுதியிருக்கும் மூன்று எண்களைப் பாருங்கள், சகோதரி. 41, 22, 9. மூன்று முறை தவறியதாக எழுதுகிறீர்கள். ஆனால் மூன்றும் ஒரே தவறுதல் அல்ல.

பள்ளி நாட்களில் நான் உயரம் தாண்டியவன். மணல் குழியின் ஓரத்தில் இரண்டு கம்பங்களும், நடுவே ஒரு மூங்கில் கழியும்தான் எங்களுக்கு இருந்தன. கழியைத் தள்ளிவிட்டு மணலைத் தட்டிக்கொண்டு எழும்போது, “ஏன் தாண்டவில்லை?” என்று எங்கள் உடற்கல்வி ஆசிரியர் ஒருநாளும் கேட்டதில்லை, “எந்தக் கால் பட்டது?” என்றுதான் கேட்பார். முதலில் வீசிய கால் மேலே போகும்போதே பட்டிருந்தால், கம்பிக்கு மிக அருகில் வந்து எம்பியிருக்கிறோம். பின்னால் வந்த கால் இறங்கும்போது பட்டிருந்தால், தொலைவிலேயே எம்பிவிட்டோம். பதிலைக் கேட்டதும் தரையிலிருந்த சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, அரை அடி தள்ளிப் புதிதாக ஒன்று போடுவார். அதே ஓட்டம், அதே கால்கள். ஆனால் இம்முறை கழி சற்றே நடுங்கிவிட்டு அப்படியே நின்றுவிடும். பலம் போதவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் பெரும்பாலும் இடம்தான் தவறியிருந்தது.

உங்களுக்கும் அந்தக் கேள்விதான் முதலில் தேவை. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதமும், குரூப் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும் என்பது விதி என்பதால், 40-ஐ ஒட்டித் தப்பிய ஒரு தாள் மொத்தத்தைக் கீழே இழுத்திருக்கலாம். அல்லது நேரம் போதாமல் கடைசிக் கேள்வியைத் தொடாமலே விட்டிருக்கலாம். முதலாவது என்றால் அந்தத் தாளுக்கு மட்டும் கூடுதல் வாரங்கள் ஒதுக்க வேண்டும். இரண்டாவது என்றால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுத் தாளையும் எழுதிப் பழக வேண்டும். இரவில் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கண்விழிப்பது இந்த இரண்டு குறையையும் தீர்க்காது. பகலில் படித்தது மனத்தில் படிவதே தூக்கத்தில்தான் என்பதால், அது மூன்றாவதாக ஒரு குறையைச் சேர்க்கவும் கூடும்.

எல்லை கடந்து முயல்வதைத் தவறென்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு விலை உண்டு, அதை அறிந்தே முயல வேண்டும் என்கிறேன். இத்தாலியின் ஜான்மார்கோ தம்பேரி, 2016 ரியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தபோது, மொனாகோவில் 2.39 மீட்டர் தாண்டிப் போட்டியை வென்றார். அதோடு நிற்காமல் 2.41-க்கு முயன்றபோது கணுக்காலின் தசைநார் கிழிந்து, ரியோவுக்கே போக முடியாமல் போனது. கத்தாரின் முத்தாஸ் பர்ஷிம், 2018-இல் ஹங்கேரியில் 2.46 மீட்டர் என்ற உலக சாதனைக்கு முயன்றபோது அதே போலக் கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். இருவரும் மாதக்கணக்கில் பொறுத்து, காலைத் தேற்றிக்கொண்டு திரும்பினார்கள். 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் இருவரும் 2.37 மீட்டர் வரை ஒரு தவறும் இல்லாமல் தாண்டி, தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு 2.39-இல் இருவரும் மும்மூன்று முறை கம்பியைத் தள்ளிவிட்டிருந்தார்கள். உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவரின் கடைசித் தாண்டலும் பெரும்பாலும் தோல்வியாகத்தான் இருக்கும்.

ஆகவே, எழுதுங்கள். ஆனால் அடுத்து வரும் தேர்வையே எழுதியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. உயரம் தாண்டுதலில், ‘இந்த உயரம் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த உயரத்துக்குக் காத்திருக்க விதியே இடம் தருகிறது. அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் மாதமும் தேர்வும் சேர்ந்து வந்தால், ஒன்றை விட்டு அடுத்ததை எழுதுவதில் குறைவொன்றும் இல்லை. அம்மாவிடம் அந்தத் தேதியைச் சொல்லிவிடுங்கள். முடிவில்லாமல் நீள்கிறதே என்பதுதான் அவருடைய கவலையாக இருக்கும்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. உயரம் தாண்டுதலில் மாவட்ட அளவில் வருகிறான். ஆறு மாதமாக 1.60 மீட்டரிலேயே நிற்கிறான். காலை மாலை இருவேளையும் பயிற்சி கொடுத்தால் உயருமா? முழங்கால் வலிக்கிறது என்கிறான். சாக்கோ என்று தோன்றுகிறது.
- ஒரு தந்தை, நாகர்கோவில்

பதில்: சாக்கு என்று முடிவு கட்டாதீர்கள், ஐயா. வளரும் வயதில் அடிக்கடி எம்பிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் உண்மையாகவே வலி வருவதுண்டு. பயிற்சி முடிந்ததும் தொடையில் வரும் அசதி ஓரிரு நாளில் போய்விடும். அந்த எலும்பை விரலால் அழுத்தினால் மறுநாளும் வலிக்கிறதென்றால், எலும்பு மருத்துவரிடம் காட்டுவதற்கு முன் ஒரு தாண்டல்கூட வேண்டாம்.

உயரம் கூடாததைத் தேக்கம் என்று எண்ணி வருந்தவும் வேண்டாம். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு, பாராலிம்பிக்கில் 2016-இல் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் மழையில் காலுறை நனைந்த நிலையில் 1.86 தாண்டி வெள்ளியும், 2024-இல் பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலமும் வென்றார். உயரத்தை மட்டும் பார்த்தால் இறங்குமுகம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியரோ அவர்தான்.

இந்த ஆறு மாதத்தில் உங்கள் மகன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று கதவு நிலையில் நிறுத்தி அளந்து பாருங்கள். கால் நீண்டிருந்தால் அவன் ஓடிவரும் அடிகளின் அளவும் மாறியிருக்கும். வலி தீர்ந்து மைதானத்துக்குத் திரும்பும் முதல் நாளில், பழைய சுண்ணாம்புக் கோட்டை அழித்துவிட்டுப் புதிதாக அளக்கச் சொல்லுங்கள்.