ஐ7 என்றால் ஐ3-ஐ விட உசத்தியா?

கேள்வி: பேத்தி இந்த வருஷம் காரைக்குடியில் கல்லூரியில் சேர்கிறாள். லேப்டாப் வாங்கக் கடைக்குப் போனோம். புதுசு ஐ3, 36,000 ரூபாய். பக்கத்திலேயே செகண்ட்ஹேண்ட் ஐ7, 22,000 ரூபாய். "ஐ7-தான் ஆச்சி உசத்தி, விலையும் கம்மி" என்கிறார் கடைத் தம்பி. அதையே வாங்கிவிடலாமா?
— ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: கொஞ்சம் பொறுங்கள் ஆச்சி. ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே காலத்தில் வந்த பிராசஸர்களுக்குள் (லேப்டாப்பின் மூளை அதுதான்) போட்ட வரிசை. காலம் மாறினால் அந்த வரிசை செல்லாது. எந்தக் காலத்துச் சரக்கு என்பதைப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். ஐ7-6600யூ என்று இருந்தால் அந்த முதல் 6, ஆறாம் தலைமுறையைக் குறிக்கிறது, 2015-இல் வந்தது. ஐ3-1215யூ என்று இருந்தால் 12-ஆம் தலைமுறை. பிராசஸருக்குள் வேலை பார்க்கும் பகுதிக்குக் கோர் என்று பெயர்; முன்னதில் அது 2, பின்னதில் 6. பெயரில் 7 இருந்தாலும் அங்கே ஐ3-தான் முந்தும்.

கடைக்காரர் சொல்லைக் கேட்டு முடிவு செய்யாமல், லேப்டாப்பை உங்கள் முன்னாலேயே ஆன் செய்யச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் கீழே அபவுட். பிராசஸரின் முழுப் பெயரும் ரேமின் அளவும் அங்கே இருக்கும். பேத்தியை அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. லேப்டாப்பை இயக்கும் மென்பொருளான விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால், இன்டெல் பிராசஸர் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும் (ஏழாம் தலைமுறையில் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு). பழைய ஐ7-இல் குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இன்று ஓடும், நாளைய அப்டேட்டுக்கு யாரும் உறுதி தர மாட்டார்கள். பேத்தி நாலு வருஷம் வைத்துப் படிக்க வேண்டிய பொருள் அது.

ரேம், ஸ்டோரேஜ் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். நம் வீட்டு விசேஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாமான் அறையில் மூட்டை மூட்டையாக இருந்தாலும், வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஆள் உட்கார்ந்து வேலை செய்கிற இடத்துக்கு எடுத்து வந்ததை வைத்துத்தான் சமையல் நடக்கும். சாமான் அறைதான் ஸ்டோரேஜ். வேலை நடக்கிற இடம் ரேம். இடம் சின்னதானால் ஒவ்வொன்றுக்கும் உள்ளே போய் வந்துகொண்டே இருக்க வேண்டும்; லேப்டாப் 'தொங்குவது' அப்போதுதான். வேலை முடிந்து இடத்தைக் கழுவிவிடுகிற மாதிரி, அணைத்தவுடன் ரேமும் காலியாகிவிடும். ஸ்டோரேஜில் இருப்பது அப்படியே இருக்கும்.

ரேம் 8 ஜிபி-க்குக் குறையவே கூடாது, 16 கிடைத்தால் நல்லது. 8 வாங்கினால், பின்னால் கூட்ட இன்னொரு ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். சிலவற்றில் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், கூட்ட வழியே கிடையாது. ஸ்டோரேஜ் எஸ்எஸ்டி-யாக (சுழலும் பாகம் இல்லாத வகை) இருக்கட்டும். சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ளது என்றால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: 512 ஜிபி ஸ்டோரேஜ் என்று சொல்லி விற்றார்கள். கம்ப்யூட்டர் 476 என்று காட்டுகிறது. 36 ஜிபி-யை ஏமாற்றிவிட்டார்களா?
— தேவகோட்டை வாசகர்

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபி-க்கு 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. பொருள் ஒன்றுதான், படிதான் வேறு. 1 டிபி வாங்கினால் 931 என்று காட்டும். 512 என்று சொன்னது 238 என்று காட்டினால் விடாதீர்கள். அது 256 ஜிபி டிஸ்க்.

கேள்வி: பள்ளத்தூரில் பழைய வீடு. முகப்பில் வைஃபை பெட்டி. வளவை (நடு முற்றம்) தாண்டினால் சிக்னல் பாதி, அடுப்படியில் சுத்தமாக இல்லை. 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்கினால் சரியாகிவிடும் என்கிறார் கனெக்‌ஷன் கொடுத்தவர். மாற்றலாமா?
— பள்ளத்தூர் வாசகர்

பதில்: மாதா மாதம் கூடுதலாகக் கட்டாதீர்கள். வேகம் வேறு, எட்டும் தூரம் வேறு. 300 ஆக்கினால் முகப்பில் இருப்பவருக்குத்தான் லாபம். உங்கள் தடை நம் வீட்டுச் சுவர். செங்கல்லும் சுண்ணாம்புமாக அத்தனை கனத்தில் கட்டியதை அலை துளைத்துப் போவது கஷ்டம்.

செலவில்லாததை முதலில் செய்து பாருங்கள். ரவுட்டரில் (அந்த வைஃபை பெட்டிதான்) 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 5-இல் வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் வலு குறைவு. 2.4-இல் வேகம் குறைவு, ஆனால் தள்ளிப் போகும். பின்கட்டில் இருக்கும் போனை 2.4-இல் சேருங்கள். பெட்டியை முகப்பிலிருந்து வளவுப் பக்கம் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. வளவு திறந்த வெளி, அதைச் சுற்றிய அறைகளுக்கு வாசல் வழியாகவே அலை போய்விடும்.

அதற்கும் போதவில்லை என்றால் இரண்டாம் கட்டுக்கு ஒரு லேன் ஒயர் (ரவுட்டரிலிருந்து இன்டர்நெட்டைக் கொண்டுபோகும் கம்பி) இழுத்து, அங்கே இன்னொரு பெட்டியை ஆக்சஸ் பாயிண்ட்டாக, அதாவது அங்கிருந்தே வைஃபை தருகிற மாதிரி, போடுங்கள். 100 மீட்டர் வரை ஒயர் தாங்கும். பழைய சுவரில் ஓட்டை போடாமல் உத்தரத்தை ஒட்டியே கொண்டுபோகலாம். அந்தப் பூச்சைப் பெயர்த்தால் மறுபடி அதே மாதிரி பூச ஆள் கிடைப்பது அரிது. ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் பெட்டி) மலிவுதான், ஆனால் பெரும்பாலானவை வாங்கிய வேகத்தில் பாதியைத்தான் தள்ளிவிடும். சிக்னலே இல்லாத அடுப்படியில் அதை வைத்தால் பயனும் இல்லை.

கேள்வி: செகண்ட்ஹேண்டில் வாங்கிய லேப்டாப் பத்தாம் நாளே ஆன் ஆகவில்லை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருக்கிறதே, கேட்க முடியுமா?
— காரைக்குடி வாசகர்

பதில்: கேட்கலாம். அந்த வரியைப் பார்த்தே நிறையப் பேர் பணத்தை விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம். பில் தராமல் விற்பதும் அப்படியே. பழைய பொருள் என்று தெரிந்து வாங்கியதால் தேய்மானத்துக்குக் கேட்க முடியாது. ஆன் ஆகாதது தேய்மானம் இல்லை.

இன்றே கடைக்கு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் ஆனாலும் சரி. பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதிலும் முடியாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். கடை மதுரையிலோ சென்னையிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட இந்தச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். பில்லைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெப்பத்தாளில் அடித்த எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும்.