கப்பல் நான்கு மணி நேரம் நின்றாலும் விசா வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

(கடல்வழிச் சுற்றுலா செல்லவிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட பதில்கள் இவை.)

கேள்வி: எங்கள் மகளும் மருமகனும் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். வரும் கோடையில் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா செல்லும் சொகுசுக் கப்பலில் எங்களையும் அழைத்துப் போக டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். எங்களிடம் பத்து ஆண்டுக்கான அமெரிக்க விசிட்டர் விசா இருக்கிறது. ஆனால் கப்பல் கனடாவின் விக்டோரியா துறைமுகத்தில் ஒரு மாலைப் பொழுது நிற்குமாம். நாங்கள் இறங்காமல் அறையிலேயே இருந்துவிட்டால் கனடா விசா இல்லாமல் சமாளிக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த நம்பிக்கையில் கிளம்ப வேண்டாம், அம்மா. இறங்குவதும் இறங்காததும் உங்கள் விருப்பமாக இருக்கலாம். ஆனால் பயணத் திட்டத்தில் உள்ள எல்லா நாடுகளுக்கும் உரிய ஆவணங்கள் பயணியின் கையில் இருக்கின்றனவா என்பதைக் கப்பல் நிறுவனம் ஏறுகிற இடத்திலேயே பார்த்துவிடும். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் அபராதமும் திருப்பி அனுப்பும் செலவும் நிறுவனத்தின் தலையில்தான் விழும் என்பதால், இதில் அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. சியாட்டில் முனையத்தில் பெட்டிகளை ஒப்படைத்த பிறகு செக்-இன் மேஜையில் "கனடா விசா எங்கே?" என்ற கேள்வி எழுந்தால், அன்று மாலைக்குள் அதற்கு எந்தப் பரிகாரமும் இல்லை, கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பி வராது.

ஜூனோ, ஸ்கேக்வே, கெட்சிக்கன் என்று அமெரிக்க ஊர்களையே சுற்றி வரும் கப்பல் ஏன் கனடாவில் போய் நிற்கிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். வெளிநாட்டுக் கொடி தாங்கிய கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே மட்டும் பயணிகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்று 1886-இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்று இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பெரிய சொகுசுக் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை என்பதால், சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் பொருட்டு அவை ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். கொரோனா காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது, அலாஸ்கா பயணங்கள் நடப்பதற்காக 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்கு அளிக்க வேண்டியிருந்தது என்றால், அந்த விக்டோரியா நிறுத்தம் எவ்வளவு இன்றியமையாதது என்பது விளங்கும். ஆகவே உங்கள் பயணத்தில் கனடாவைத் தவிர்க்க வழியில்லை.

கனடா விசிட்டர் விசாவுக்குக் கட்டணம் 100 கனடிய டாலர். கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் 85 டாலர் தனி. கைரேகை கொடுத்து பத்து ஆண்டு ஆகாதவர்கள் அதைத் திரும்பக் கொடுக்கத் தேவையில்லை. அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், ஊரில் இருக்கும்போதே சில மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிப்பது நல்லது.

உங்கள் மகளையும் மருமகனையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் கிரீன் கார்டு வைத்திருந்தால், அந்த அட்டையும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் இருந்தாலே போதும், கனடா விசா தேவையில்லை. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களானால், இந்தியக் குடிமக்கள் என்ற முறையில் அவர்களுக்கும் கனடா விசா கட்டாயம். பெற்றோரின் காகிதங்களைக் கவனமாகச் சரிபார்த்துவிட்டுத் தங்களுடையதை மறந்துவிடும் பிள்ளைகள் உண்டு.

கேள்வி: கப்பலில் வருபவர்கள் 72 மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டால் உலகில் எந்த நாட்டிலும் விசா தேவையில்லை, அது சர்வதேசச் சட்டம் என்கிறார் எங்கள் டிராவல் ஏஜென்ட். உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாதி உண்மை. கடல்வழிப் போக்குவரத்தை எளிதாக்க 1965-இல் லண்டனில் ஏற்பட்ட பன்னாட்டு ஒப்பந்தத்தில், சொகுசுக் கப்பல் ஒரு துறைமுகத்தில் 72 மணி நேரத்துக்குக் குறைவாக நின்றால் அதன் பயணிகளிடம் விசா கேட்க வேண்டியதில்லை என்ற நெறி இருக்கிறது. ஆனால் சிறப்புச் சூழ்நிலைகளில் கேட்கலாம் என்று அதே வரியில் விதிவிலக்கும் இருக்கிறது. தன் நடைமுறை வேறு என்று அறிவித்துவிட்டு விலகி நிற்கவும் நாடுகளுக்கு உரிமை உண்டு. பயணி கையில் எடுத்துக் காட்டி உரிமை கோரக்கூடிய சட்டம் அல்ல அது.

சலுகை தரும் நாடுகளும் நிபந்தனையோடுதான் தருகின்றன. துருக்கியில் துறைமுக நகரத்தையும் அருகிலுள்ள மாகாணங்களையும் பார்க்க இறங்கும் கப்பல் பயணிகளுக்கு 72 மணி நேரம் வரை விசா விலக்கு உண்டு. ஜப்பான் 2015 ஜனவரி முதல், அனுமதி பெற்ற கப்பல்களில் வந்து அதே கப்பலில் திரும்புவோருக்குக் கரையிறங்கும் அனுமதி ஒன்றை வழங்குகிறது. ஜப்பானியத் துறைமுகத்திலேயே பயணத்தைத் தொடங்குவோருக்கும் முடிப்போருக்கும் அது பொருந்தாது. சீனா 2024 மே மாதம் முதல் கப்பலில் வரும் சுற்றுலாக் குழுக்களுக்கு 15 நாள் விசா விலக்கு அளிக்கிறது, ஆனால் அந்நாட்டு நிறுவனம் ஒன்று ஏற்பாடு செய்த குழுவாக இருக்க வேண்டும். அமெரிக்காவோ விசா இல்லாமல் கடந்துபோகும் வசதியை 2003-லேயே நிறுத்திவிட்டது. உங்கள் ஏஜென்ட் எந்த நாட்டை நினைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். அந்த நாட்டின் தூதரக விதியைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏதென்ஸில் ஏறி, மைக்கனோஸ், சாண்டோரினி தீவுகளையும் துருக்கியின் குஷாதாசியையும் பார்த்துவிட்டு ஏதென்ஸிலேயே இறங்குகிறோம். ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) விண்ணப்பிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: சிங்கிள் என்ட்ரியா, மல்டிப்பிள் என்ட்ரியா என்பதைத்தான். கிரேக்கத் துறைமுகங்கள் ஷெங்கன் பகுதிக்குள் இருக்கின்றன, குஷாதாசி வெளியே இருக்கிறது. அங்கிருந்து எபேசஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு மறுநாள் கிரேக்கம் திரும்புவது, காகிதத்தில் இரண்டாவது நுழைவு. விசா ஸ்டிக்கரில் நுழைவுகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 01 என்று அச்சாகியிருந்தால், ஏதென்ஸ் விமான நிலையத்தில் நீங்கள் இறங்கியபோதே அது செலவாகிவிட்டது. விண்ணப்பத்திலேயே பல நுழைவு கோரி, துறைமுகங்களும் தேதிகளும் தெளிவாக உள்ள கப்பல் முன்பதிவுத் தாளை இணைத்து, துருக்கி நிறுத்தத்தை அடிக்கோடிட்டுக் காட்டுங்கள். ஸ்டிக்கர் கைக்கு வந்த அன்றே அந்தக் கட்டத்தைப் பாருங்கள், ஏனென்றால் கேட்டதைத்தான் கொடுப்பார்கள் என்ற உறுதி இல்லை.

பழைய பயணக் குறிப்புகளைப் படித்துக் குழம்ப வேண்டாம். குரோஷியாவின் துப்ரோவ்னிக் முன்பு ஷெங்கனுக்கு வெளியே இருந்தது, 2023 ஜனவரி 1 முதல் உள்ளே. பக்கத்திலேயே இருக்கும் மான்டிநீக்ரோவின் கோட்டோர் இன்றும் வெளியேதான்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்வரும் கப்பலுக்கும் இதே சிக்கல் உண்டா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அதே சிக்கல்தான். பினாங்கிலும் புக்கெட்டிலும் விசாவுக்காக நீங்கள் அலைய வேண்டியிராது: மலேசியா 2026 டிசம்பர் 31 வரை இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு அறிவித்திருக்கிறது, தாய்லாந்தும் 2024-இல் விலக்கு அளித்தது. இத்தகைய விலக்குகள் மாறக்கூடியவை என்பதால் புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். கவனம் வேண்டியது சிங்கப்பூர் விசாவில்: விமானத்தில் வந்து ஒருமுறை, கப்பலில் திரும்பி இன்னொருமுறை என்று இரண்டு முறை நுழைகிறீர்கள். அதற்கேற்ப மல்டிப்பிள் என்ட்ரி என்று இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: சலுகை இருக்கும் துறைமுகத்தில் விசா இல்லாமல் இறங்கி, கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும்?
– வாசகர், வேலூர்

பதில்: அந்தச் சலுகை அதே கப்பலில் திரும்புவதை நம்பிக் கொடுக்கப்படுவது. கப்பல் போய்விட்டாலோ, உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ, அந்நாட்டில் தங்கவும் அடுத்த துறைமுகத்துக்கு விமானம் ஏறவும் வேறு அனுமதி தேவைப்படலாம். முதலில் துறைமுகத்தில் உள்ள கப்பல் முகவரை அணுகுங்கள். அவருடைய தொலைபேசி எண் வழக்கமாகக் கப்பலின் தினசரி அறிவிப்புத் தாளில் அச்சாகியிருக்கும். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்வதால், பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல்களையும் மருத்துவக் காப்பீட்டுத் தாளையும் வேளைக்கு வேண்டிய மாத்திரைகளையும் கரைக்குச் செல்லும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட நோய் உள்ளவர்கள், சலுகை இருந்தாலும் முறையான விசாவை எடுத்துக்கொண்டே போகலாம் என்பது என் கருத்து.